புரியாத சொல் காதில் விழும்போது: மருத்துவ டிரான்ஸ்கிரிப்ஷனுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ இரவுப் பணியில் அமர்ந்து, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் டிக்டேஷனைக் கேட்டுத் தட்டெழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடற்கூறியலும் நோய்ப் பெயர்களும் பயிற்சி வகுப்பில் படித்திருப்பீர்கள். மாதிரி ஃபைல்களை ஓரளவு பிழையில்லாமல் முடித்திருப்பீர்கள். உண்மையான ஃபைல் வேறு விதமாக இருக்கும். மருத்துவர் நடந்துகொண்டே பேசுவார், சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். பின்னணியில் யாரையோ அழைக்கும் ஒலிபெருக்கி கேட்கும். தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் ஒரே ஒரு சொல் குழைந்து போகும். அந்தச் சொல்லை என்ன செய்வது என்று கற்றுக்கொள்வதற்குத்தான் முதல் ஆண்டின் பெரும்பகுதி செலவாகும்.

ஒரு விதியை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்த ஒலியும், அந்த இடத்துக்குரிய மருத்துவப் பொருளும் ஒரே சொல்லைக் காட்ட வேண்டும். ஒலி மட்டும் பொருந்தினால் போதாது. பொருள் மட்டும் பொருந்தினாலும் போதாது. இரண்டும் சேராத இடத்தில் பிளாங்க் விட வேண்டும், அதாவது அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்கள் அலபாமா மாநிலத்தில் 2008-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையிலிருந்து வேறு பராமரிப்பு மையத்துக்கு மாற்றப்பட்ட சர்க்கரை நோயாளி ஒருவருக்கு மருத்துவர் சொன்ன இன்சுலின் 8 யூனிட். இந்தியாவில் தட்டெழுதப்பட்ட அறிக்கையில் அது 80 என்று பதிவானது. மருத்துவர் படித்து ஒப்புதல் தருவதற்கு முன்பே அந்த எண் மருந்துக் குறிப்பில் ஏறிவிட்டது. நோயாளி இறந்துபோனார். 2012 டிசம்பரில் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. நாம் தட்டெழுதும் தாளை ஒரு செவிலியர் கையில் வைத்துக்கொண்டு ஊசியில் மருந்தை ஏற்றுகிறார் என்பதை ஒவ்வொரு ஃபைலிலும் நினைவில் வைத்திருங்கள்.

ஏன் கேட்பதில்லை

புதியவர்கள் எல்லாரும் தம் காதையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். பல நேரங்களில் ஒலியே நம்மிடம் முழுமையாக வந்து சேர்வதில்லை. வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். எஸ், எஃப் ஆகிய எழுத்துகளை வேறுபடுத்தும் சீறொலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே தொலைபேசியில் பதிவான ஃபைலில் எஸ்ஸும் எஃப்பும் ஒன்றாகக் கேட்கும். பாய் (boy) என்ற ஆங்கிலச் சொல்லில் வரும் பி (b), பீட்டரில் வரும் பி (p), டேவிட்டில் வரும் டி (d), டாமில் வரும் டி (t) ஆகிய நான்கும் குழம்பும். மருத்துவர்கள் சொல்லை எழுத்துக் கூட்டும்போது இப்படிப் பெயர் சேர்த்துச் சொல்வது இதனால்தான். நாளுக்கு இருமுறை என்னும் பி.ஐ.டி., மும்முறை என்னும் டி.ஐ.டி. இரண்டும் தொலைபேசியில் ஏறக்குறைய ஒரே ஒலிதான்.

அமெரிக்க உச்சரிப்பு அடுத்த தடை. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் டகரத்தை அவர்கள் மெலிதாக்குவார்கள், இருபதைச் சொல்லும்போது அதை விழுங்கியே விடுவார்கள். நாம் பள்ளியில் டயபிடீஸ் என்று படித்தது அங்கே டயபீடிஸ் ஆகும். அறுவை அரங்கிலும் எக்ஸ்ரே பிரிவிலும் பழகிய சில மருத்துவர்கள் சென்டிமீட்டரைச் சான்டிமீட்டர் என்பார்கள். முதன்முறை கேட்பவர் ஏதோ புதிய கருவி என்று நினைத்துத் தேடத் தொடங்கிவிடுவார். இவையெல்லாம் கேட்கக் கேட்கப் பழகிவிடும். தொலைபேசி தின்றுவிட்ட ஒலி மட்டும் எத்தனை முறை கேட்டாலும் திரும்பி வராது. அதற்கு வேறு வழிகள் வேண்டும்.

முதல் படி: பெடலை அழுத்தும் முன்

ஒலியை ஓட்டவும் நிறுத்தவும் காலால் அழுத்தும் பெடலைத் தொடும் முன், நோயாளியின் வயது, பாலினம், மருத்துவரின் துறை, அறிக்கையின் வகை ஆகிய நான்கையும் பாருங்கள். அதே மருத்துவரின் பழைய அறிக்கைகள் உங்கள் கணக்கில், அதாவது நீங்கள் தட்டெழுதித் தரும் மருத்துவமனையின் பணியில், மாதிரிகளாக இருந்தால் இரண்டையாவது படித்துவிடுங்கள். மருத்துவர்கள் பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர்கள். ஒரே அறுவையை ஒரே சொற்களில், ஒரே வரிசையில், ஒரே கருவிகளோடு ஆண்டுக்கணக்கில் சொல்வார்கள். நேற்றைய அறிக்கை இன்றைய பிளாங்க்குக்கு விடை வைத்திருப்பது மிகச் சாதாரணம்.

இரண்டாம் படி: நின்றுவிடாமல் கடந்து போங்கள்

புரியாத சொல் வந்ததும் பெடலை விட்டுவிட்டு அதே நொடியை இருபது முறை கேட்பது எல்லாப் புதியவர்களிடமும் இருக்கும் பழக்கம். அதை விட்டொழியுங்கள். மூன்று நான்கு முறைக்கு மேல் அதே துண்டைக் கேட்டால், மனத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே காது கேட்கத் தொடங்கும். அந்த நிலையில் கிடைக்கும் உறுதியை நம்பக் கூடாது.

நேரத்தைக் குறித்துக்கொண்டு, இடத்தைக் காலியாக விட்டு, கடைசிவரை போய்விடுங்கள். வரலாற்றுப் பகுதியில் மென்று விழுங்கிய நோயின் பெயரை முடிவுரைப் பகுதியில் மருத்துவர் தெளிவாகச் சொல்லக்கூடும். மருந்தின் பெயர் தெரியாமல் போன இடத்துக்கு மூன்று பத்தி கழித்து, அந்த மருந்தை எதற்காகக் கொடுத்தார் என்ற விளக்கம் வரும். முடித்துவிட்டுத் திரும்பி வரும்போது, சொல்லை மட்டும் கேட்காமல் அதற்கு ஐந்து நொடி முன்னிருந்து கேளுங்கள். வேகமாகப் பேசுபவரை வேகம் குறைத்தும், இழுத்து மெல்லப் பேசுபவரை வேகம் கூட்டியும் கேளுங்கள். இரண்டாவது யோசனை பலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் சிதறிய அசைகள் ஒன்றுசேர்வது கூடுதல் வேகத்தில்தான்.

மூன்றாம் படி: ஒலியைக் குறித்துக்கொண்டு தேடுங்கள்

எத்தனை அசை, எந்த அசையில் அழுத்தம், எந்த மெய்யொலிகள் ஐயமின்றிக் கேட்டன என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆங்கில எழுத்துகளிலேயே எழுதுங்கள். தமிழில் குறித்துவைக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அதைக் கைவிட வேண்டும். க, ட, ப ஆகிய ஒவ்வொன்றும் ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளைச் சுமக்கின்றன. தாளில் பைல் என்று எழுதிவைத்தால், அரை மணி கழித்து அது பித்தநீரா, மூலநோயா என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்து முதலெழுத்து. மருத்துவச் சொற்களில் பல கிரேக்கத்திலிருந்து வந்தவை, சில மருத்துவர்களின் குடும்பப் பெயர்கள். கேட்கும் எழுத்தில் அவை தொடங்குவதில்லை. நகர ஒலியில் தொடங்கும் சொல் கிடைக்காவிட்டால் முன்னால் பீட்டரின் பி-யைச் சேர்த்துப் பாருங்கள், நிமோனியா அப்படித்தான். சொரியாசிஸும், கண்ணிமை தொங்குவதைக் குறிக்கும் டோசிஸும் அதே எழுத்தில் தொடங்குபவை. மார்பெலும்பின் கீழ்முனையான சைஃபாய்டு எக்ஸில் தொடங்கும். நுரையீரலில் கேட்கும் ராங்கைக்கு ஆர் அடுத்து எச் வரும். யூதைராய்டு என்பதை யூ எழுத்தில் தேடினால் கிடைக்காது, இ-யு என்று தேட வேண்டும். அடிவயிற்றில் குறுக்காகக் கீறும் ஃபானன்ஸ்டீல் கீறல் பி-எஃப் என்று தொடங்கும் ஜெர்மானியப் பெயர். நோய்ப் பெயர்களில் ஷோகிரன் எஸ்-ஜே, கியான் பாரே ஜி-யு. அறுவைப் பெயர்களில் வரும் ரூ என்பதன் கடைசியில் ஒலிக்காத எக்ஸ். ரத்தப்போக்கு, சீரற்ற இதயத் துடிப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களில் இரண்டு ஆர், ஓர் எச் சேர்ந்து வரும். இந்தப் பட்டியலை உங்கள் மேசையில் ஒட்டிவைத்தால் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

தேடுவதற்கு டார்லண்ட், ஸ்டெட்மன் ஆகிய மருத்துவ அகராதிகள் இருக்கின்றன. ஒன்லுக் என்னும் இணைய அகராதியில், தெரிந்த எழுத்துகளை மட்டும் தந்து தெரியாத இடத்தில் நட்சத்திரக் குறி இட்டுத் தேடலாம். அதைவிட நான் அதிகம் பரிந்துரைப்பது, அக்கம்பக்கச் சொற்களைக் கொண்டு தேடுவது. புரியாத சொல்லுக்கு முன்னும் பின்னும் தெளிவாகக் கேட்ட மருத்துவச் சொற்களை மட்டும் தேடல் பெட்டியில் இடுங்கள். வரும் கட்டுரைகளில் உங்கள் காதுக்குப் பொருந்தும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்த சொல்லின் பொருளைப் படிக்காமல் ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

பெரிய சொற்களைப் பற்றியே பேசுகிறோம், சிறியவை அதைவிட ஆபத்தானவை. காய்ச்சல் இல்லை என்பதைக் குறிக்கும் ஏஃபெப்ரைல் என்ற சொல்லை இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டால் நோயாளிக்குக் காய்ச்சல் வந்துவிடும். அறிகுறி இல்லாதவர் என்னும் ஏசிம்ப்டமாட்டிக் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் வேகமான பேச்சில் ஹைப் என்று தேயும். இன்டர், இன்ட்ரா, இன்ஃப்ரா மூன்றும் அப்படியே. நோ என்ற ஓரசை மூச்சுக்குள் மறைந்துபோகும். எதிர்மறைச் சொல் வர வேண்டிய இடத்தில் ஒலி சற்றே மங்கினாலும் நின்று, திரும்பக் கேளுங்கள்.

நான்காம் படி: சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

அறிக்கையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சொல்வளம் இருக்கிறது. உடல் பரிசோதனையில் நுரையீரலுக்கு ரேல்ஸ், ராங்கை, வீஸ் மூன்றும் கூட்டமாக வரும். இதயத்துக்கு மர்மர், ரப், கேலப். கைகால்களுக்குக் கிளப்பிங், சயனோசிஸ், எடிமா. இந்தக் கூட்டங்களை மனப்பாடம் செய்துகொண்டால், இரண்டு தெரிந்ததும் மூன்றாவதை அடையாளம் காணலாம். அடையாளம் காணத்தான் இது உதவ வேண்டும், இட்டு நிரப்ப உதவக் கூடாது. மருத்துவர் இரண்டை மட்டும் சொல்லிவிட்டு மூன்றாவதைப் பார்க்காமலே விட்டிருக்கலாம். அவர் சொல்லாததை நீங்கள் எழுதினால், செய்யாத பரிசோதனையைச் செய்ததாகப் பதிவு செய்கிறீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். பித்தப்பையை லேப்ராஸ்கோப் மூலம் அகற்றும் அறுவையின் அறிக்கை. வயிற்றுக்குள் வாயு செலுத்தி, துளைக்குழாய்கள் நுழைத்து, பித்தப்பையை மேலே தூக்கிப் பிடித்ததாக மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்து, கேலோ அல்லது காலோ என்பது போன்ற ஒரு சொல், அதைத் தொடர்ந்து தெளிவாக டிரையாங்கிள், பிறகு பித்தப்பையின் குழாயும் தமனியும் கண்டறியப்பட்டன என்ற வாக்கியம். காதை மட்டும் நம்பியவர் காலோ என்ற ஒலிக்கு அகராதியில் உள்ள சாதாரண ஆங்கிலச் சொற்களை முயன்று பார்ப்பார், ஒன்றும் பொருந்தாது. இடத்தைப் பார்ப்பவர் வேறு கேள்வி கேட்பார்: பித்தப்பை அறுவையில் குழாயையும் தமனியையும் தேடும் முக்கோணப் பகுதிக்கு என்ன பெயர்? உடற்கூறியல் நூலைத் திறந்தால் உடனே கிடைக்கும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய முக்கோணம் அது. பெயரின் கடைசியில் டாமின் டி உண்டு, பிரெஞ்சு முறைப்படி அது ஒலிக்காது. ஒலி பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது, அடுத்த வாக்கியமும் பொருந்துகிறது. இப்போது எழுதலாம்.

இந்த முறை வேலை செய்ய வேண்டுமானால் அறுவைகள் எந்த வரிசையில் நடக்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் அடிக்கடி வரும் அறுவைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் காணொளிகளைப் பாருங்கள். சொற்பட்டியலை நூறு முறை படிப்பதைவிட, கத்தியும் நூலும் எந்த நேரத்தில் எதற்காகக் கைமாறுகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுவது மேல்.

ஒலி ஒன்றாகவே இருந்து, எழுத்து மட்டும் மாறும் சொற்களுக்கு இடம் ஒன்றுதான் துணை. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கும் ஆங்கிலப் பெயர் ஒரே ஒலிதான், இலியம். குடலில் நடு எழுத்து இ, எலும்பில் ஐ. குடலை வெட்டி இணைத்த அறிக்கையா, எலும்புத் துண்டு எடுத்து ஒட்டிய அறிக்கையா என்று பார்த்தால் முடிந்தது. பெரோனியல், பெரினியல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும். பாதம் தொய்ந்து நடக்கும் நோயாளி என்றால் காலில் ஓடும் முதல் நரம்பு. பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசல் என்றால் இரண்டாவது.

இடமும் கைவிடும் நேரம் உண்டு. விழுங்க முடியாமை டிஸ்ஃபேஜியா, பேச்சுக் குறைபாடு டிஸ்ஃபேசியா. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே வரக்கூடும், பேச்சுப் பயிற்சியாளரே இரண்டையும் சோதிப்பார். பக்கவாதம் என்ற செய்தியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. உணவைக் கெட்டியாக்கித் தரச் சொன்னார்களா, விழுங்கும் பரிசோதனை நடந்ததா என்று தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் பிளாங்க்.

சுருக்கச்சொற்களும் இதே வகைதான். சி.வி.ஏ. என்பது பழைய நோய் வரலாற்றில் பக்கவாதம். முதுகுப் பரிசோதனையில், தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்கும்போது, விலா எலும்பும் முதுகெலும்பும் சேரும் கோணம். பி.என்.டி. இதய மருத்துவர் வாயில் இரவில் திடீரென்று வரும் மூச்சுத்திணறல், காது மூக்கு தொண்டை மருத்துவர் வாயில் மூக்கிலிருந்து தொண்டைக்கு வடியும் சளி. எழுத்துகளை ஒரே சொல்லாகச் சேர்த்து உச்சரிப்பதும் உண்டு. இதய ரத்தக்குழாய் மாற்றுப்பாதை அறுவையைக் கேபேஜ் என்பார்கள், கண்மணிப் பரிசோதனையைப் பெர்லா என்பார்கள், மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு கிருமியை மெர்சா என்பார்கள். அகராதியில் தேடி அலுத்துப்போன ஒரு சொல், எழுத்துச் சுருக்கமாக இருக்குமோ என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஐந்தாம் படி: மருந்துப் பெயருக்கு மூன்று சோதனைகள்

மருந்துப் பெயர்களின் குழப்பம் உங்கள் ஒருவருடைய குழப்பமல்ல. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லோசெக், சிறுநீரைப் பெருக்கும் லேசிக்ஸோடு குழம்பியதால் அமெரிக்காவில் 1990-இல் பிரைலோசெக் ஆனது. மனச்சோர்வு மருந்தான பிரின்டெலிக்ஸ், ரத்தம் உறைவதைத் தடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பியதால் 2016-இல் டிரின்டெலிக்ஸ் ஆனது. ஐ.எஸ்.எம்.பி. என்னும் அமெரிக்க மருந்துப் பாதுகாப்பு நிறுவனம், குழம்பும் பெயர்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி ஓரளவு பிடிபட்டதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த நோயாளிக்கு இந்த மருந்து எதற்கு? சொன்ன அளவில் இந்த மருந்து விற்கப்படுகிறதா? சொன்ன வழியிலும் இடைவெளியிலும் இது கொடுக்கப்படுவதுண்டா? அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் டெய்லிமெட் தளத்தில் ஒவ்வொரு மருந்தின் அதிகாரபூர்வ விவரத் தாளும் கிடைக்கிறது. மூன்றுக்கும் விடை அதில் இருக்கும்.

செலெக்சா, செலெப்ரெக்ஸ் என்று இரு பெயர்கள். முதலாவது மனச்சோர்வுக்கு, 10, 20, 40 மில்லிகிராம் மாத்திரைகளாக வருவது. இரண்டாவது மூட்டுவலிக்கு, 50, 100, 200, 400 மில்லிகிராமில் வருவது. பெயரின் பின்பாதி கரைந்து, நாளுக்கு ஒருமுறை 20 என்பது மட்டும் தெளிவாகக் கேட்டு, மனச்சோர்வும் வரலாற்றில் இருந்தால் செலெக்சா என்று துணிந்து எழுதலாம். ஹைட்ரலசீன், ஹைட்ராக்ஸிசீன் என்ற இணை இப்படி எளிதில் பிரியாது. ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, மற்றொன்று அரிப்புக்கும் பதற்றத்துக்கும். ஆனால் 10, 25, 50 என்று இரண்டுமே ஒரே அளவுகளில் கிடைக்கின்றன. அளவைப் பார்த்துத் தீர்மானித்தால் ஏமாந்துவிடுவீர்கள். நோயாளிக்கு உயர் ரத்த அழுத்தமும் தோல் அரிப்பும் இரண்டும் இருந்தால், ஒலி ஐயமறத் தெளிந்தால் தவிர எழுதவே கூடாது. இந்த இரண்டு பெயர்களிலும் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையையே அமெரிக்காவில் பரிந்துரைத்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் பெட்டியைக் கையில் வைத்திருப்பவருக்கே அந்த உதவி தேவைப்படுகிறது.

ஆறாம் படி: எண்கள்

எண்ணுக்குப் பொருள் துணை கிடையாது என்று நினைக்காதீர்கள். பொட்டாசியம் வழக்கமாக 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும், சோடியம் 135-க்கும் 145-க்கும் இடையில், ரத்தத்தின் அமிலகார அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில். பொட்டாசியம் 14 என்று கேட்டால் நீங்கள் கேட்டது தவறாகவோ அவர் சொன்னது தவறாகவோ இருக்க வேண்டும். அதைத் திருத்தி 4 என்று எழுதும் உரிமை உங்களுக்கு இல்லை, ஐயத்தைக் குறிப்பிடும் கடமை உண்டு. மாறாக, தைராய்டு மாத்திரை 112, 137 என்று விநோதமான எண்களில் கேட்டால் தயங்க வேண்டாம், அந்த அளவுகளில் உண்மையாகவே மாத்திரை இருக்கிறது. ஆனால் அவை மைக்ரோகிராம். மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு ஆகிவிடும்.

பதினைந்தும் ஐம்பதும், பதினாறும் அறுபதும் ஆங்கிலத்தில் குழம்புபவை. கவனமுள்ள மருத்துவர்கள் ஒன்று ஐந்து, ஐந்து பூஜ்யம் என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். சொல்லாதவர்களின் ஃபைலில் மருந்து விவரத் தாளைப் பாருங்கள். தட்டெழுதும் முறையிலும் கவனம் வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் ஆபத்தான எழுத்துமுறைகளின் பட்டியலை வெளியிட்டது. முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் இடக் கூடாது, 5.0 என்பது 50 என்று படிக்கப்படும். புள்ளிக்கு முன் பூஜ்யம் இல்லாமல் எழுதக் கூடாது, .5 என்பது 5 ஆகிவிடும். யூனிட் என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கக் கூடாது, அந்த யூ பூஜ்யம் போலத் தெரியும்.

இடது வலது முரண்பாடும் இங்கே சேர்த்தி. வரலாற்றில் இடது முழங்கால், அறுவையில் வலது முழங்கால் என்று மருத்துவர் சொன்னால், எது சரி என்று உங்களுக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் சொன்னபடியே எழுதி, முரண்பாட்டைத் தனிக்குறிப்பில் தெரிவியுங்கள்.

கணினி எழுதித் தந்த வரைவு

இன்று பல இடங்களில் பேச்சறி மென்பொருள் முதல் வரைவை எழுதிவிடுகிறது, உங்களுக்கு வருவது திருத்தும் வேலை. இதில் புரியாத சொல் காணாமல் போய்விடுகிறது என்பதுதான் கவலை. மனிதர் பிளாங்க் விடும் இடத்தில் மென்பொருள் இலக்கணப் பிழையில்லாத, நம்பத்தகுந்த ஒரு சொல்லை வைத்துவிடும். கண் அதை வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். ஆகவே வரைவைப் படித்துக்கொண்டே கேட்காதீர்கள். மருந்து, எண், எதிர்மறை, இடதுவலது வரும் இடங்களில் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள்.

ஏழாம் படி: பிளாங்க் விடுவது எப்படி

பிளாங்க் விடத் தயங்குபவர்களே அதிகம். மதிப்பெண் குறையும், மேலாளர் கேட்பார் என்ற அச்சம் புரிகிறது. தர மதிப்பீட்டில் தவறான மருந்துக்கும் தவறான அளவுக்கும் விழும் தண்டனை, பிளாங்க்குக்கு விழுவதைவிடப் பல மடங்கு பெரிது என்பதைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனம் அப்படி வைத்திருக்காவிட்டாலும் நோயாளியின் கணக்கில் அப்படித்தான்.

நல்ல பிளாங்க் அடுத்தவரின் வேலையைக் குறைக்கும். அறிக்கையில் அடிக்கோடு, அதனோடு நேரக்குறி. தனிக்குறிப்பில், காதுக்கு எப்படிக் கேட்டது என்று எஸ்-சாய்வுகோடு-எல் (S/L, இப்படி ஒலிக்கிறது என்னும் sounds like) குறியிட்டு ஒலியை எழுதுங்கள். கேட்கவே இல்லையா, கேட்டும் சொல் கிடைக்கவில்லையா, சொல் கிடைத்தும் பொருள் ஒத்துவரவில்லையா என்று மூன்றில் எது என்பதைச் சொல்லுங்கள். பிளாங்க்குகளைச் சரிபார்த்து நிரப்பும் தரப்பிரிவில் இருப்பவருக்கு இந்த ஒரு வரி பத்து நிமிடம் மிச்சப்படுத்தும். எதைத் தேடினீர்கள், எதை ஏன் நிராகரித்தீர்கள் என்றும் சேர்த்தால் இன்னும் நல்லது.

பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கேட்பது தவறில்லை. கேட்கும்போது உங்கள் ஊகத்தை முதலில் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அவர் காதும் அதையே கேட்கும். ஒலித்துண்டைக் கைப்பேசிக்கு மாற்றி வாட்ஸ்அப் குழுவில் போடுவது, நோயாளியின் பெயரோடு வாக்கியத்தைத் தேடல் பெட்டியிலோ செயற்கை நுண்ணறிவு உரையாடல் தளத்திலோ ஒட்டுவது இரண்டையும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம் நோயாளியின் விவரங்களைக் காக்கிறது, நம் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் மூலம் அதற்குக் கட்டுப்பட்டவை. புரியாத சொல்லையும் அக்கம்பக்க மருத்துவச் சொற்களையும் மட்டும் வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

விடை திரும்பி வந்த பிறகு

தரப்பிரிவு நிரப்பி அனுப்பிய பிளாங்க்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுபவர்கள் அடுத்த வாரம் அதே சொல்லில் மீண்டும் நிற்பார்கள். விடையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதே ஒலித்துண்டைக் கேளுங்கள். அந்த மருத்துவர் எந்த அசையை விழுங்கினார், எதை இழுத்தார் என்று காதுக்குப் பிடிபடும்வரை கேளுங்கள். இந்த இடத்தில் மட்டும் எத்தனை முறை கேட்டாலும் தகும்.

பிறகு நோட்டில் எழுதுங்கள். அகரவரிசையில் எழுதுவதைவிட மருத்துவர் வாரியாகப் பிரித்து எழுதுவது பயன் தரும் என்பது என் கருத்து. இவர் சான்டிமீட்டர் என்பவர், இவர் எதிர்மறைச் சொல்லைத் தேய்த்துவிடுபவர், இவர் தோலை மூட எப்போதும் இந்த நூலையே பயன்படுத்துபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். நோயாளியின் பெயர், பதிவு எண், தேதி எதுவும் அந்தப் பக்கத்தில் ஏறக் கூடாது. விடுப்பில் போகும்போது அந்தக் கணக்கை எடுத்து நடத்தும் நண்பரிடம் கவலையில்லாமல் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய நோட்டாக அது இருக்கட்டும்.